ஒருத்திக்கான கீரை

ஒற்றை ஆளுக்குக் கீரை வாங்குவது போல எரிச்சலான காரியம் வேறில்லை. அகரத்திலிருந்து மொபெட்டில் கீரை கொண்டுவருகிற பெண் வாரத்தில் மூன்று நாள் எங்கள் தெருமுனையில் நிற்பாள். அவள் கட்டுகிற கட்டு நாலு பேர் இருக்கிற குடும்பத்துக்கானது. பாதிக் கட்டு கொடு என்றால் சிரிப்பாள். மீதிப் பாதியை எங்கிட்டுக் கொண்டுபோய் விற்பது என்பாள். நானோ, கீரையை ராத்திரி தொடக் கூடாது, மறுநாள் சுடவைக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். ஆகவே ஒரு கட்டில் கால்வாசி என் வயிற்றுக்கும் முக்கால்வாசி பின்வீட்டு ஆட்டுக்கும் போகும். சில மாதம் அப்படிப் பார்த்துவிட்டு, ஆட்டுக்காக உட்கார்ந்து கீரை ஆய்கிற தலையெழுத்து எனக்கென்ன என்று வாங்குவதையே விட்டுவிட்டேன்.

அக்கா இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. கல்யாணமான ஒன்றரை வருடத்தில் புருஷனை இழந்து வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். நான் கல்யாணமே செய்துகொள்ளாதவள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறேன். எல்லாமே பொய் இல்லை. அவள் சமைப்பாள், நான் தொலைபேசி நிலையத்துக்கு வேலைக்குப் போவேன். இப்படியே நாற்பது வருடம். ஒரு கட்டுக் கீரை எங்கள் இரண்டு பேருக்கும் அளவெடுத்தாற்போலக் காணும். அவளுக்குக் கடைந்த கீரையில் பூண்டு தட்டிப் போட வேண்டும், எனக்குக் கூடாது. அதற்காக நாற்பது வருடம் சண்டை போட்டோம். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் எனக்கும் பூண்டு பிடித்துவிட்டது.

வீட்டில் சத்தம் போடுவது பிரிட்ஜ் மட்டும்தான் என்றாயிற்று. நான் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தபோது டிரங்க் கால் காலம். காதில் ஹெட்போனை மாட்டினால் எட்டு மணி நேரம் ஊரெல்லாம் பேசுகிற சத்தம். பம்பாய், டெல்லி ஆபரேட்டர்களிடம் பேசிப் பேசி ஓட்டை இந்தியும் வந்துவிட்டது. இப்போது என் கைபேசிக்கு வருவதெல்லாம் ஓடிபி எண்களும், கடன் வேண்டுமா என்று கேட்கிற பதிவுசெய்த குரலும்தான். ஒரு நாள் அந்த மெஷின் குரல் சொல்லி முடிக்கும்வரை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்தபின் "சரிம்மா" என்றும் சொன்னேன். அன்றைக்குத்தான் மாடியை வாடகைக்கு விடுவதென்று தீர்மானித்தேன்.

வந்தவர்கள் டார்ஜிலிங்குக்கு மேலே ஏதோ ஒரு மலைக் கிராமத்தைச் சேர்ந்த புருஷனும் பெண்சாதியும். அவன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நூடுல்ஸ் கடையில் சமையல்காரன். அவள் பியூட்டி பார்லரில் புருவம் திருத்துகிறவள். எதிர்வீட்டு அம்மா, ஊரில் வேற ஆளே கிடைக்கலையா, மொழி தெரியாதவகளுக்கா வீட்டை விட்டிருக்கே என்று கேட்டாள். எனக்கு யாராவது புத்தி சொன்னால் அதற்கு நேர்மாறாகச் செய்யாவிட்டால் தூக்கம் வராது. அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பார்லருக்கு வருகிற எல்லாரையும் அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவள், அறுபத்து மூன்று வயதுக்காரியான என்னையும் அக்கா என்றாள். நான் திருத்தவில்லை. வீட்டுக்குக் கடைக்குட்டி நான். என்னை அக்கா என்று கூப்பிட அதுவரை ஆளே இருந்ததில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் பார்லர்த் தமிழ். கண்ணை மூடுங்க, தலையைச் சாய்ங்க, வலிக்குதா, முடிஞ்சிருச்சு. அதை வைத்துக்கொண்டே வாழ்க்கையின் முக்கால்வாசி விஷயத்தைப் பேசிவிடலாம் என்பதை அவளிடம் பார்த்தேன். மீதிக்கு என் ஓட்டை இந்தி இருந்தது.

ஐப்பசி மழை இரண்டு பெய்ததும், கொல்லையில் கொஞ்சம் இடம் வேண்டுமென்று கேட்டாள். துவைக்கிற கல்லுக்கும் வாழைக்கும் நடுவில் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் கிடந்தது. எடுத்துக்கொள் என்றேன். ஒரு கோல்ட் கிரீம் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பொடிப் பொடியாகக் கறுப்பு விதை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடுகைத் தாளிக்கத்தானே செய்வார்கள், இவள் விதைக்கிறாளே என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். கடுகுக்கு உறவுக்காரக் கீரை, ஊரில் ராயோ என்று பெயர் என்றாள். புருஷன் கடையிலிருந்து கொண்டுவந்த சாஸ் டப்பாக்களை வெட்டி, மண்ணும் மாட்டெருவும் கலந்து, அதில் தூவினாள். நாலாம் நாளே முளைத்துவிட்டது. ஒரு விரல் உயரம் வந்ததும் ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தரையில் நட்டாள். செடிக்கும் செடிக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி. கீரைக்கு எதற்கு இம்புட்டு இடம் என்று எனக்குத் தோன்றியது. நமக்குக் கீரை என்றால் நெருக்கித் தூவி, ஜாண் உயரம் வந்ததும் வேரோடு பிடுங்கிக் கட்டுவது.

எங்கள் ஊர்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும் என்று நான் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். போர்த் தண்ணீர் உப்பு. அவள் அரிசி களைந்த தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் வாளியில் சேர்த்து வைத்து ஊற்றினாள். என் அடுப்படித் தண்ணீரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பகல் வெயிலுக்குத் தென்னை மட்டையைச் சாய்த்து வைத்து நிழல் கட்டினாள். கார்த்திகை முடிவதற்குள் இலைகள் முறம் போல விரிந்துவிட்டன. ஓரமெல்லாம் சுருக்கம், நடுவில் வெள்ளைத் தண்டு. முதல் தடவை கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். இஞ்சியும் பச்சை மிளகாயும் உப்பும் போட்டு வேகவைத்தது, அவ்வளவுதான். கசப்பு. கூடவே மூக்கில் ஏறுகிற ஒரு காரம். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டேன். மறுநாள் நானே நாலு இலை கேட்டு வாங்கி, பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்தேன். அது நன்றாகவே இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். அவள் செடியைப் பிடுங்குவதே இல்லை. அடியிலிருக்கிற இலையை மட்டும், ஒரு செடிக்கு ஒன்று அல்லது இரண்டு, கீழ்நோக்கி அழுத்தி ஒரு திருகு திருகுவாள். கையோடு வந்துவிடும். நடுக்குருத்து அப்படியே நிற்கும், அடுத்த வாரத்துக்கு இலை விடும். எனக்குத் தினமும் நாலு இலை போதும். ஆட்டுக்குப் போக மீதமில்லை. இரண்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த ஒற்றை ஆள் கீரைக் கட்டு என் கொல்லையிலேயே நின்றுகொண்டிருந்தது.

கார்த்திகையிலும் மார்கழியிலும் நான் தனியாள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. சாயங்காலம் பார்லரிலிருந்து வந்ததும் மாடிக்கு ஏறாமல் நேரே கொல்லைப்படியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். என் புருவத்தைப் பார்த்து அவளுக்குக் கை நமநமக்கும். ஒரு நாள் சம்மதித்து உட்கார்ந்தேன். நூலைப் பல்லில் கடித்து இழுத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. யாரோ ஒருத்தர் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தே இரண்டு வருடமாகியிருந்தது. அதையும் சேர்த்துத்தான் கண்ணீர். அவள் வலிக்குதா என்று கேட்டாள், வலிக்குது என்றேன்.

தினம் அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிடுவாள். கைபேசியைச் செடிகளுக்கு மேலே பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டுவாள். அம்மாக்காரி குடும்பத்து ஆட்களை விசாரிப்பது போல ஒவ்வொரு செடியையும் பார்த்து ஏதோ கேட்பாள். நான் சமையலறைக்குள் போய்விடுவேன். இரண்டு பேர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். இணைப்பைக் கொடுத்தவுடன் போர்டில் நாம் கேட்பதற்கான சாவியைத் தள்ளிவிட்டு நாம் விலகிவிட வேண்டும். முப்பத்தைந்து வருடப் பழக்கம் அது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு முழுசாகத் தெரிந்தது பின்னால்தான். அந்த வருடத்து மழையில் அவர்கள் ஊரில் மலை சரிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டில் பாதியும், வீட்டுக்குக் கீழே படிப்படியாக இறங்கிய விவசாயக் காடு முழுவதும் போய்விட்டது. அம்மாக்காரி இப்போது கீழே டவுனில் மூத்த மகனோடு ஒற்றை அறையில் இருக்கிறாள். அவள் மாமியார் காலத்திலிருந்து வருடம் தவறாமல் எடுத்து வைத்து விதைத்து வந்த கீரை அது. பானையில் வைத்திருந்த விதையும் மண்ணோடு போய்விட்டது. மிச்சமிருந்தது, போன வருடம் மகள் ஊருக்குப் போயிருந்தபோது கிரீம் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்த அந்தக் கொஞ்சம்தான். அதை முழுக்க என் கொல்லையில் விதைத்துவிட்டாள். விதை எடுத்து அனுப்புகிறேன், மகன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கையகல இடத்திலாவது போடு என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தாள்.

மலை சரிந்ததை அவள் என்னிடம் சொல்லத்தான் செய்தாள். மார்கழியில் ஒரு சாயங்காலம், கொல்லைப்படியில், கையைச் சரித்துச் சரித்துக் காட்டிச் சொன்னாள். நான் அடடா என்றேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கிவிடுமென்று எழுந்து உள்ளே போனேன். திரும்பி வந்து மீதியைக் கேட்கவில்லை.

அந்த மார்கழியில்தான் பின்வரிசைச் செடிகள் பத்தில், புருவம் திருத்துகிற வெள்ளை நூலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுக் கட்டி முடிச்சுப் போட்டாள். அந்த வரிசையில் ஓர் இலையைக்கூட அவள் பறிக்கவில்லை. எனக்கு அது விளங்கிவிட்டதாக நினைத்தேன். பொங்கலுக்கு நாம் வீட்டுக்கும் வயலுக்கும் காப்புக் கட்டுவதில்லையா? வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து. அதுபோல இவர்கள் ஊரிலும் கண்ணேறு படாமலிருக்க நூல் கட்டுவார்களாயிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு கௌரவக் குறைச்சல்.

பொங்கலுக்கு நூடுல்ஸ் கடைக்கும் பார்லருக்கும் லீவு. திருப்பூரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு இரண்டு பேரும் போனார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு எனக்கு. நான் ஒரு ஆழாக்கு அரிசியில் பொங்கல் வைத்தேன். பொங்கி வழிகிற அளவுக்குப் பானையில் ஒன்றுமில்லை. தெருவெல்லாம் குலவைச் சத்தம். காணும் பொங்கலன்று எதிர்வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு கிளம்பிப் போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். எனக்குப் போக ஒரு வீடில்லை, வர ஓர் ஆளில்லை. சாயங்காலம் அவர்கள் வந்துவிடுவார்கள் என்பது ஒன்றுதான் அன்றைக்கு மனசுக்குத் தெம்பு. வருகிறவளுக்குக் கையில் கொடுக்க ஏதாவது வேண்டுமே என்று யோசித்தேன்.

கொல்லைக்குப் போனால் பின்வரிசைச் செடிகள் பத்தும் நடுவில் தண்டு விட்டு மொட்டு வைத்திருந்தன. ஐயையோ, கீரை முற்றிப் போகிறதே, இந்தப் பெண் மறந்துவிட்டாளே என்று பதறினேன். பூத்துவிட்ட கீரையை எங்கள் வீட்டில் யாரும் அடுப்பில் ஏற்றமாட்டார்கள். முன்வரிசையிலும் மொட்டு எட்டிப் பார்த்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன். பத்தையும், அப்புறம் மீதியையும் வேரோடு பிடுங்கினேன். நூலை மட்டும் மரியாதையாக அவிழ்த்து முருங்கைக் கிளையில் கட்டினேன். சாமிக் காரியம் அல்லவா! வேரை ஒரு விரல்கடை தண்டோடு வெட்டி வாழையடியில் எறிந்தேன். இலைகளை மூன்று தண்ணீரில் அலசி, தண்டுகளைச் சமமாக அடுக்கி, வாழைநாரால் அகரத்துப் பெண் கட்டுவது போலவே நாலு கட்டுக் கட்டினேன். காலியான இடத்தைக் கொத்திவிட்டு எருவும் போட்டேன், புதிதாக விதைத்துக்கொள்ளட்டும் என்று. இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனால் இரண்டு வருடத்தில் அன்றைக்குப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். அவன் பையோடு மாடிக்குப் போனான். அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அம்மாவைக் கூப்பிட்டிருந்தாள், இதற்குள் மொட்டு வைத்திருக்கும், காட்டலாம் என்று. நான் நாலு கட்டையும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் கொத்திவிட்ட மண்ணைப் பார்த்தபடி நின்றாள். கை நீட்டியபடியே இருந்தது. திரையில் அம்மாக்காரிக்கும் அந்த மண்தான் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தது. கேள்வி என்பது எனக்கே புரிந்தது. இவள் கைபேசியை மெல்ல இறக்கினாள்.

என் தாம்பாளத்தைப் பார்த்தாள். அப்புறம், பார்லரில் பேசுகிற அதே மெல்லிய குரலில் சொன்னாள்.

"அக்கா, இது விதைக்கு வச்சது. அம்மாகிட்ட வேற இல்ல."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். முன்கூட்டியே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா என்று கேட்டிருப்பேன். சண்டை போட எனக்குத் தெரியும், நாற்பது வருடம் பழகியிருக்கிறேன். ஆனால் அவள் நாலு கட்டையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தேங்க்ஸ் அக்கா என்று சொல்லிவிட்டு மாடியேறினாள். நான் வெறும் தாம்பாளத்தோடு நின்றேன்.

அந்தக் கீரையை அவள் வீணாக்கவில்லை. மொட்டை மாடியில் வாடப் போட்டு, நசுக்கி, கண்ணாடி ஜாடியில் காற்றுப் புகாமல் அடைத்து வெயிலில் வைத்தாள். ஒரு வாரம் கழித்து எடுத்துக் காயப்போட்டபோது புளித்த வாடை தெருவரைக்கும் வந்தது. எதிர்வீட்டு அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு என்ன எழவு நாத்தம் இது என்று கேட்டாள். எங்க வீட்டுச் சோத்துக்கு வெஞ்சனம், உங்களுக்கென்ன என்றேன். அவளுக்குக் கேட்கும்படி மாடியைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள் பாட்டுக்குக் கீரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மன்னிக்கவும், லைன் பிஸியாக உள்ளது. மன்னிக்கவும், இணைப்புக் கிடைக்கவில்லை. மன்னிக்கவும், மூன்று நிமிடம் முடிந்தது. தமிழில், இங்கிலீஷில், இந்தியில் என்று என் வேலைக்காலத்தில் நான் கேட்ட மன்னிப்பை அடுக்கினால் எங்கள் ஊர் மலைக்கோட்டை உயரம் வரும். ஒன்றுகூட நான் செய்த தப்புக்குக் கேட்டதில்லை. நானாகச் செய்த தப்புக்கு ஒரு தடவை கேட்க வேண்டி வந்தபோது வாய் எழவில்லை. அக்காவிடமும் கடைசிவரை கேட்டதில்லை.

அவள் பேசாமல் இருந்துவிடவில்லை. குட்மார்னிங் சொல்வாள், வாடகையைக் கையில் கொடுப்பாள், தண்ணீர் வந்தால் மோட்டார் போடச் சொல்லிக் குரல் கொடுப்பாள். கொல்லைப்படிக்கு மட்டும் வரவில்லை. வீடியோவில் அம்மாவோடு பேசுவது இப்போது மாடியறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. நான் சாயங்காலம் படியில் உட்கார்ந்து கொத்திய மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா செத்தபோது வந்த தனிமையில் என் குற்றம் எதுவும் இல்லை. இது நானே என் கையால் பிடுங்கிப் போட்டது.

மாசியில் ஒரு நாள் மார்க்கெட் பக்கம் விதைக் கடைக்குப் போனேன். கடுகு மாதிரி விதை, முறம் மாதிரி இலை என்று நான் வர்ணித்ததைக் கேட்டுக் கடைக்காரர், சைனா கீரைதானம்மா கேக்குறீக, இப்ப ஹோட்டலுக்கெல்லாம் போடுறாக என்று ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அட்டையில் குட்டையான செடி, கரண்டி போன்ற இலை. பாக் சாய் என்று போட்டிருந்தது. இது அதில்லை என்று எனக்கே தெரிந்தது. இருந்தும் வாங்கினேன். அவள் செய்தது போலவே சாஸ் டப்பாவில் தூவினேன், மட்டையைச் சாய்த்தேன், அரிசி களைந்த தண்ணீர் ஊற்றினேன். மாசி வெயில் எங்கள் ஊரில் சும்மா விடுமா? மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் காய்ந்து சாயங்காலமும் அனல் வீசுகிற மாதம். ஒரு விரல் உயரத்திலேயே செடிகள் தண்டு விட்டுப் பூத்துவிட்டன. மிச்சத்தை அசுவினி மொய்த்தது. துணி துவைக்க மாடியிலிருந்து இறங்கி வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பூச்சியைப் பார்த்தாள். எனக்கு மானம் போனது.

"இது சைனா கீரை அக்கா. நம்மது இல்ல" என்றாள். கொஞ்சம் சிரித்தமாதிரிதான் இருந்தது. மேலே ஏதாவது சொல்வாளென்று காத்திருந்தேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பங்குனிக் கடைசியில் நூடுல்ஸ் கடைக்காரர் கோயம்புத்தூரில் இன்னொரு கடை திறந்து இவள் புருஷனை அங்கே வரச் சொன்னார். அவளுக்கும் அங்கே பார்லர் வேலை கிடைத்துவிட்டது. சாமான் ஏற்றிய குட்டி யானை வண்டி வாசலில் நிற்கும்போது ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அந்தப் புளித்த கீரை, காய்ந்து கறுத்துச் சருகாக இருந்தது. குந்த்ருக் என்றாள். தக்காளி போட்டு ரசம் மாதிரி வைக்க வேண்டும், ஒருத்திக்கு ஒரு பிடி போதும் என்றாள். நான், கேட்டைத் தாண்டும்போது மெதுவா, கண்ணாடி சாமானெல்லாம் இருக்கு என்று வண்டிக்காரனிடம் சொன்னேன். அவளிடம் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வண்டிக்காரனிடம் பேசினேன். வண்டி போய்விட்டது.

மாடியைப் பெருக்கப் போனபோது ஜன்னல் மேடையில் அந்தக் கிரீம் டப்பா கிடந்தது. காலி. அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

சித்திரையில் வாழைக்கு அடிச்சருகு கழிக்கக் குனிந்தேன். தொங்கிக் கிடந்த காய்ந்த மட்டைகளை இழுத்தபோது, அதற்குள்ளே இடுப்புயரத்துக்கு ஒரு காய்ந்த செடி சாய்ந்து நின்றது. முதலில் என்னவென்று தெரியவில்லை. அடியைப் பார்த்தேன். கத்தியால் நறுக்கிய தண்டு. நான் காணும் பொங்கலன்று வெட்டி எறிந்த வேர்களில் ஒன்று, வாழையடிச் சேற்றில் நிமிர்ந்து விழுந்து, என் அடுப்படித் தண்ணீரைக் குடித்து மறுபடி துளிர்த்து, பூத்து, காய்த்து, முற்றியும் போயிருந்தது. அவள் இங்கே இருந்த மாசி பங்குனி முழுக்க அது அங்கே நின்றிருக்கிறது. ஒரு மட்டையை விலக்கிப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நெற்றுகளில் பாதி வெடித்துக் கொட்டியிருந்தன. மீதியை முந்தானையை விரித்து அதன்மேல் உதிர்த்தேன். தரையில் விழுந்ததையும் மண்ணோடு அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்தேன். எல்லாம் சேர்ந்து உள்ளங்கைக் குழிக்குக்கூடக் காணாது. கிரீம் டப்பாவில் போட்டு மூடினேன்.

உடனே கூப்பிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. மூன்று நாள் டப்பாவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பிவிட்டால் அதோடு முடிந்துவிடும். விதை இருக்கிறது, வந்து வாங்கிக்கொண்டு போ என்று சொன்னால் வருவாள். கோயம்புத்தூர் என்ன வெகுதூரமா? வந்தால் ஒரு வேளை சாப்பிடுவாள், கொல்லைப்படியில் செத்த நேரம் உட்காருவாள். அந்த விதை ஒன்றுதான் அவளை இங்கே வரவழைக்க என்னிடம் இருந்த சாமான். அற்பப் புத்திதான். தனியாக இருக்கிறவர்களுக்கு இந்தப் புத்தி எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

நாலாம் நாள் கூப்பிட்டேன். பார்லரில் முடி காயவைக்கிற மெஷின் சத்தம். எப்படி இருக்கீங்க அக்கா என்று கேட்டாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எடுத்தேன்.

"பாப்பா, வாழையடியில ஒரு செடி பொழச்சுக் கெடந்திருக்கு. வெத இருக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்தால் வருகிற அமைதி வேறு, ஆள் இருந்தும் பேசாத அமைதி வேறு. எனக்கு நன்றாகத் தெரியும். இது இரண்டாவது. வந்து வாங்கிக்கொண்டு போ என்பதுதான் அடுத்த வாக்கியம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நான் தப்புப் பண்ணிட்டேன். கேக்காம கொள்ளாம புடுங்கிட்டேன். அட்ரஸ் சொல்லு, அனுப்பி வைக்கிறேன்."

"இருங்க அக்கா. வைக்காதீங்க" என்றாள்.

ஏதோ அழுத்துகிற சத்தம். மணி போகிற சத்தம். அப்புறம் இன்னொரு குரல், கொஞ்சம் இருமலோடு. அம்மாவையும் லைனில் சேர்த்துவிட்டாள். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். மகள் ஏதோ சொன்னாள், அம்மாக்காரி உரக்க என்னவோ கேட்டாள், மகள் திரும்பச் சொன்னாள், அம்மாக்காரி சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. பழக்கதோஷத்தில் என் கை போனைக் காதிலிருந்து எடுக்கப் போனது. எத்தனை ஆயிரம் பேரை இணைத்துவிட்டு விலகியிருக்கிறேன்! வைக்காதீங்க என்று யாரும் சொன்னதில்லை. போனைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை புரியாமல், முழுசும் கேட்டேன்.

கடைசியில் அவள் தமிழுக்கு வந்தாள். "அம்மா கேக்குது, உங்க வீட்ல எத்தன பேரு?"

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிற ரேஷன் கடைக்காரருக்கும் கணக்கெடுக்க வருகிறவருக்கும் ஒன்று என்று விரலைக் காட்டிவிட்டுப் போகிறவள் நான். வாயால் சொன்னதில்லை.

"நான் ஒருத்திதான்" என்றேன்.

அவள் அதை அம்மாவுக்குச் சொன்னாள். பிறகு நீளமாக ஏதோ சொன்னாள் அம்மாக்காரி. மகள் அதைச் சுருக்கிச் சொன்னாள்.

"ஒருத்திக்கு நாலு செடி போதுமாம். அதுக்கு எடுத்துக்கிட்டு மீதிய அனுப்பச் சொல்லுது. இலைய மட்டும் பறிக்கணுமாம், செடியப் புடுங்கக் கூடாதாம்."

மறுநாள் காலையில் டப்பாவைத் தட்டில் கவிழ்த்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு விதையை ஒதுக்கினேன். மீதியைத் திரும்ப டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி நூல் கட்டி, கூரியருக்கு எழுந்தேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்து டப்பாவைத் திறந்து இன்னொரு நாலு விதை எடுத்து வைத்துக்கொண்டேன். ஐப்பசியில் யாராவது வந்தாலும் வரலாம்.